எனக்கு இரண்டு தம்பிகள்

கான்வென்ட் பள்ளியில் ஆசிரியை வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்ற வருஷம், எதிர்வீட்டு வெள்ளைக்காரக் குடும்பம் சீமைக்குக் கப்பல் ஏறியது. போகும்போது தங்கள் நாயை என்னிடம் விட்டுப்போனார்கள். பெரிய செம்பட்டை நாய். அதன் இங்கிலீஷ் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ‘தம்பி’ என்று மாற்றிவிட்டேன்.

என்னோடு குடியிருந்த சொந்தத் தம்பிக்கு இது பொறுக்கவில்லை. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவன், மனைவியை இழந்தவன்.

“அக்கா, நீ கூப்பிட்டா நான் வர்றதா, அது வர்றதா?”

“யாருக்குப் பசிக்குதோ அவங்க வாங்க.”

நாய்க்கு ஓட்டம் தேவைப்பட்டது. கூட நடந்து பார்த்தேன். எனக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் அது அப்போதுதான் துள்ள ஆரம்பிக்கும். ஆகவே பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்றை வாங்கினேன்.

“இந்த வயசிலயா? சர்ச்சில என்ன பேசுவாங்க?” என்றான் தம்பி.

“பேசட்டும். நான் சைக்கிள்ல போய்க்கிட்டே இருப்பேன், காதில விழாது.”

சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க, பழைய மீன்வலையை வெட்டிப் பின்சக்கரத்தின் இருபக்கமும் தைத்தேன். காலையில் கடற்கரைத் திடலில் தம்பி சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான். முணுமுணுத்துக்கொண்டேதான் ஓடினான். ஆனால் ஒருநாளும் கையை விடவில்லை.

ஓரளவு பழகியதும் நாயின் சங்கிலியை ஹேண்டில்பாரில் கட்டிக்கொண்டு தனியே கிளம்பினேன். வழியில் ஒரு பூனை. நாய் பாய்ந்தது, நானும் சைக்கிளும் சாலையோரச் சாக்கடையான லோங்கானுக்குள் விழுந்தோம். அழுக்குத் தண்ணீர் கழுத்துவரை நனைத்தது. இடது கை முறிந்தது.

“சைக்கிளை வித்துடுவோம். நாயையும் யாருக்காவது குடுத்துடுவோம்” என்றான் தம்பி.

“கையைக் கட்டித்தான் போட்டிருக்காங்க, வெட்டிப் போடலை. ரெண்டும் இங்கதான் இருக்கும்.”

கை குணமாகும்வரை சாயங்காலங்களில் அவன்தான் நாயைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனான். பிறகு வீடு திரும்ப நேரமாக ஆரம்பித்தது. ஒருநாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது தெருவில் அவன் குரல் கேட்டது.

“தம்பி, மெதுவா வாடா. எனக்குக் கால் வலிக்குது.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் உள்ளே வந்ததும் ஒன்றும் கேட்காமல் காப்பி போட்டுக்கொடுத்தேன்.

கட்டுப் பிரித்து, கையில் பலம் வந்ததும் மறுபடி ஏறினேன். இந்தமுறை சங்கிலி இல்லை. நாய் என் மிதிப்புக்குத் தக்கபடி பக்கத்திலேயே ஓடிவந்தது. லோங்கான் ஓரத்தை அதுவே எடுத்துக்கொண்டது, என்னைச் சாலை நடுப்பக்கமாகத் தள்ளுவதுபோல.

ஒரு சனிக்கிழமை தண்ணீர்மலைத் தோட்டம்வரை போய்விட்டோம். தம்பி ரிக்ஷாவில் பின்னால் வந்தான், மடியில் பலகாரத் தூக்கோடு. மரத்திலிருந்த குரங்குகளைப் பார்த்து நாய் ஒரே ஒருமுறை குரைத்துவிட்டு ஓடையில் இறங்கிப் படுத்துக்கொண்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை நனைத்தேன். குளிர்ச்சி முழங்கால்வரை ஏறியது.

“அடுத்த வாரம் ஆயர் ஈத்தாம் பக்கம் போவோம்” என்றேன்.

“அங்க மேடு ஜாஸ்திக்கா” என்றான் தம்பி.

“தெரியும்” என்றேன்.