நெல்லிமேடு இல்லை என்ற மெஷின்

எண்பதுகளின் கடைசியில் மலைமேல் புதூர்நாட்டில் எங்கள் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஆபரேட்டர், புரோகிராமர், தூசி துடைப்பவன் எல்லாம் நான்தான். கரண்ட் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் ஜன்னல். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் மெஷினோடு பேசப் பழகியிருந்தேன்.

தமிழில் அடிக்கவும் படிக்கவும் தமிழ் கார்டு போட்ட மெஷின் அது. புரோகிராம் பெயரை அடித்து, பக்கத்தில் ஊர்ப் பெயரைத் தமிழில் அடித்தால் அந்த ஊர்க்காரர்களின் இருப்பிடச் சான்று தயாராகும். தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக பிரிண்டருக்கு அனுப்பவும் புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் திரையிலேயே ஓட்டிச் சோதித்தேன். பிசகவில்லை.

பிரிண்டரும் சீல் போடும் அதிகாரியும் கீழே தலைமை ஆபீசில். நெல்லிமேட்டுச் செல்விக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. அன்று ஐந்து மணிக்குள் பயிற்சிப் பள்ளியில் சான்று கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். புரோகிராமும் ஊர்வாரிப் பெயர்ப் பட்டியலும் இருந்த ஃபிளாப்பியைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு இருவரும் ஜீப்பில் இறங்கினோம்.

கீழே இருந்தது வேறு வகை, யூனிக்ஸ் மெஷின், தமிழ் கார்டு கிடையாது. அது தெரிந்துதான் புரோகிராம் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்த கமாண்டை மலையிலேயே ஒரு ஃபைலில் அடித்து எடுத்து வந்திருந்தேன். ஓட்டினேன். ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது.

"இன்னா சார் போட்டிருக்குது?" என்றாள் செல்வி.

"அப்படி ஒரு ஊர் இல்லைன்னு..."

"எங்க ஊரே இல்லியா? அப்ப நான் எங்கேர்ந்து சார் வர்றேன்?"

சூப்பரிண்டெண்ட் எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா, ஊரையே தொலைச்சிட்டியா? வளைவுல ஜீப்புலேர்ந்து வுழுந்திருக்கும், போய்ப் பாரு." எல்லோரும் சிரித்தார்கள். "இங்கிலீஷ்ல அடிச்சு வுடேன்."

பட்டியல் முழுக்கத் தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் கேட்டால் எதுவும் பொருந்தாது. மணி மூன்றரை. புரோகிராமுக்கு உண்மையில் என்ன வந்து சேருகிறது என்று ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாகக் காட்டச் செய்தேன். மலையில் 128க்கு மேல் இருந்த எண்களெல்லாம் இங்கே 128 குறைந்து நின்றன. கமாண்டை வாங்கி புரோகிராமிடம் கொடுக்கும் ஷெல், எழுத்தின் எட்டு பிட்டில் அந்த 128ஐக் குறிக்கும் எட்டாவது பிட்டைத் தன் சொந்தக் குறிப்புக்கு வைத்துக்கொண்டு கடைசியில் அழித்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு அந்த பிட் தேவையில்லை. நம் எழுத்து நிற்பதே அதில்தான்.

ஆனால் புரோகிராம் தானே திறந்து படிக்கும் ஃபைலை ஷெல் தொடுவதில்லை. பட்டியலிலிருந்து ஊர்ப் பெயரை புரோகிராமாலேயே பிரித்துத் தனி ஃபைலில் போட்டேன். அந்த ஃபைலுக்கு ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வைத்து, ஊர்ப் பெயரை அதிலிருந்து படிக்கும்படி புரோகிராமைத் திருத்தி, கமாண்டில் அந்த ஃபைல் பெயரை மட்டும் கொடுத்தேன். பிரிண்டர் கரகரவென்று இழுத்தது.

கிழித்துக் கொடுத்த தாளைச் செல்வி விரலால் தொட்டுப் படித்தாள். "இருக்குது சார், நெல்லிமேடு இருக்குது." சீல் விழுந்ததும், "போய்ட்டு வர்றேன் சார்" என்று பஸ்ஸுக்கு ஓடினாள். மணி நாலே கால்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மெஷின் 'இல்லை' என்றால், நீங்கள் அனுப்பியது அப்படியே போய்ச் சேர்ந்ததா என்று முதலில் பாருங்கள். தன் மெஷினில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. நான் ஒற்றை ஆளாக இருந்து செய்த தவறு அதுதான்.

திரும்பும்போது ஜீப்பில் தனியாக வந்தேன். எட்டாவது பிட்டைப் பிடித்ததைச் சொல்ல மலையில் ஆளில்லை. அப்பாவுக்கு எழுத நினைத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர்தான் படித்துச் சொல்வார். 'வேலை நல்லபடி முடிந்தது' என்று ஒரே வரி எழுதினேன். வழியில் குறைந்துபோக அதில் ஒன்றும் இல்லை.