மகளுக்கு இரண்டாவது சாமத்திய வீடு

வெள்ளிக்கிழமை காலை 5.10க்கு வவுனியா பஸ் நிலையத்திலிருந்து கொழும்புக்குப் புறப்பட்டேன். டிக்கெட் ஆயிரத்து நானூறு ரூபா. தூரம் இருநூற்றைம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். கொழும்புக்குச் சந்தோஷமாகப் போன ஞாபகம் எனக்கு இல்லை. இந்த முறை போகிற காரணத்தை வெளியே சொல்லவும் முடியாது.

முதல் நாள் பின்னேரம் பத்தாம் வகுப்புக் கணிதத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தின் முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார். முதலில் வாழ்த்துச் சொன்னார். பிறகு, சனிக்கிழமை பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கும் சுபநேரம் எது, மேடை அலங்காரம் ரோஸ் நிறத்திலா தங்க நிறத்திலா என்று கேட்டார். என் ஒரே மகள் ஆரணிக்கு இருபத்திரண்டு வயது. அவளுடைய பூப்பு நீராட்டு விழா, அதாவது நாங்கள் சாமத்திய வீடு என்று சொல்வது, ஒன்பது வருடங்களுக்கு முன்னரே இருநூறு பேருக்குச் சாப்பாட்டுடன் நடந்து முடிந்துவிட்டது. பிழையான இலக்கம் என்றேன். அவர் என் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் நிதானமாக வாசித்தார். ஒலிபெருக்கிக்கு அனுமதி கேட்டுப் பொலிசுக்குக் கொடுத்த விண்ணப்பத்திலும் இதே விபரம்தான் இருக்கிறது, தாயார் நேரில் வந்து கையெழுத்து வைத்தால் வேலை முடிந்தது என்றார்.

ஆரணியை அழைத்தேன். அது தங்களுடைய ஷோவுக்கு எடுத்த மண்டபம், பயப்பட ஒன்றுமில்லை என்றாள். என்ன ஷோ என்று கேட்டேன். "எங்கட பான்ட் அம்மா. பிறகு சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள். கணக்கியல் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று மூன்று வருடங்களுக்கு முன் வெள்ளவத்தைக்குப் போன பிள்ளை. இப்படி ஒரு இசைக்குழு இருப்பதை அன்றுதான் கேள்விப்படுகிறேன். என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போய்ப் பாத்திட்டு வாரும், கையெழுத்தை மட்டும் யோசிச்சு வையும்" என்றார். அவர் சொல்லும் புத்திமதிகள் எல்லாம் இப்படித்தான், வேலை என்னுடையதாகவே இருக்கும்.

அநுராதபுரம் தாண்டியதும் பக்கத்து ஆசனத்துப் பெண்மணி மரவள்ளிச் சிப்ஸ் பையை நீட்டி, கொழும்பில் என்ன விசேஷம் என்று கேட்டார். யோசிக்காமல் சாமத்திய வீடு என்று சொல்லிவிட்டேன். அவர் அதோடு நிறைவடைந்து, பிள்ளைக்கு என்ன நிறத்தில் சேலை என்று மட்டும் கேட்டார். அந்தப் பொய் அவ்வளவு வசதியாக இருந்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன் பேலியகொடையில் மீன் வாடை பஸ்ஸுக்குள் ஏறியது. அந்த வாடை வந்தால் எனக்குப் பழைய கொழும்பு ஒன்று ஞாபகம் வரும். யுத்த காலத்தில், இருபத்துநாலு வயதில், நான் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவரைப் பார்க்க வந்தது உண்மையான காரணம். அதைப் பதிவுப் படிவத்தில் எழுத வேண்டாம், கண் வைத்தியம் என்று எழுது என்றார் என்னைக் கூட்டிவந்த மாமா. எழுதினேன். ஒருநாள் காலை சோதனைக்கு வந்த பொலிசார் எந்த டாக்டர் என்று கேட்டார்கள். எனக்கு ஒரு டாக்டரின் பெயரும் தெரியாது. அன்று பின்னேரம்வரை ஒரு பொலிஸ் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்தேன். யாரும் அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. ஐந்து மணிக்குப் போகச் சொன்னார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனாலும் இன்றுவரை எந்தப் படிவத்தைக் கண்டாலும் "காரணம்" என்ற கட்டத்தில் என் பேனா நின்றுவிடும். இப்போது அதே நகரத்தில், ஒரு பொலிஸ் மேசையில், என் பெயரோடு ஒரு பொய்க் காரணம் கிடக்கிறது. அதை எழுதியது என் மகளின் கூட்டம்.

புறக்கோட்டையில் இறங்கி 101ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியாக வெள்ளவத்தைக்குப் போனேன். ஆரணி தங்கியிருப்பது கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி அனெக்ஸ் ஒன்றில். கதவைத் திறந்தது வீட்டுக்கார அம்மா. ஆரணி வகுப்புக்குப் போய்விட்டதாகச் சொன்னார். என்னை இருத்திப் பிளேன்ரீ தந்துவிட்டு, படிக்கட்டின் மேல் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினார். தங்கியிருப்போருக்கான ஏழு விதிகள். பல்கனியில் ஈரத்துணி காயப்போடக் கூடாது. வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கக் கூடாது. சுடுதண்ணீர் ஆளுக்குப் பத்து நிமிடம். இப்படியே போனது.

"உங்கட மகள் இதைப் பாட்டாப் பாடுதாம்" என்றார். "போனில ஆரோ காட்டினவை."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"பாடட்டும் ரீச்சர். ஆனா ஆறு விதியோட நிப்பாட்டிப்போட்டினம். ஏழாவதுதான் முக்கியமானது."

ஏழாவது விதி, மேற்படி விதிகள் முன்னறிவித்தலின்றி மாற்றப்படலாம் என்பது.

நாலு மணிக்கு ஆரணி வந்தாள். தலைமயிரின் ஒரு பக்கத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். அதைப் பற்றிப் பேச எனக்கு நேரம் போதவில்லை. அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் வந்தார்கள். மாளிகாவத்தை மாடி வீடுகளில் இருக்கும் ரிஸ்கி, கணக்கியல் வகுப்பில் அவளோடு படிப்பவன், ட்ரம்ஸ் அடிப்பவன். கொட்டாஞ்சேனை ஜெனோ, ஒலிபெருக்கி வாடகைக் கடையில் வேலை செய்பவன், கிற்றார் வாசிப்பவன். இருவருக்கும் வயது இருபத்துநாலுக்குள். இருவரும் என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது மட்டும்தான் அன்று எனக்குக் கிடைத்த மரியாதை.

கதையைத் துண்டு துண்டாகப் பிடுங்கினேன். மூவரும் சேர்ந்து ஒரு வருடமாகிறது. தொடங்கியது வகுப்பு ரத்தான ஒரு நாளில். ஜெனோவின் கடைக்குத் திருத்த வந்து, எடுக்க ஆள் வராத ட்ரம்ஸ் ஒன்று இருந்ததுதான் தொடக்கத்துக்கு முழுக் காரணம். பெயர் "ஈரத்துணி". அவர்களுடையது பங்க் ரொக் என்ற வகை. நான் விளங்கிக்கொண்ட அளவில், கிற்றாரில் மூன்று சுரக்கட்டுகளுக்கு மேல் தெரிந்திருக்கத் தேவையில்லை, பாட்டு இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, பாடுபவர் சந்தையில் பிழையான மிச்சக் காசு வாங்கியவர் போலக் கத்த வேண்டும். முதல் நிகழ்ச்சி ஒரு பிறந்தநாள் வீட்டில். இரண்டாவது இரத்மலானையில் ஒரு கராஜ் திறப்பு விழா. அங்கே இரண்டு பாட்டு முடிந்ததும் உரிமையாளர் வந்து, சவுண்ட் செக் போதும், இனி நிகழ்ச்சியைத் தொடங்குங்கள் என்றாராம். மூன்றாவதுதான் கொட்டாஞ்சேனை. முதல்முறை தங்கள் பெயரில், தாங்களே அழைத்த ஆட்களுக்கு முன்னால்.

"ஏன் சாமத்திய வீடு?" என்று கேட்டேன்.

ஆரணி கொடுத்த என் விபரங்களை வைத்து விண்ணப்பத்தை நிரப்பியது ஜெனோ. தரையைப் பார்த்தபடி சொன்னான். "ரெண்டு ஹோல்ல கேட்டோம் ஆன்ட்டி. ஷோன்னா தர மாட்டாங்க. போதைப்பொருளா, அரசியலா, எத்தனை பேர் வருவாங்கன்னு ஆயிரம் கேள்வி. சாமத்திய வீடுன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எவ்வளவு சத்தம் போட்டாலும் பக்கத்து வீட்டுக்காரன் பொறுத்துக்குவான்."

"நான் வாணாம் எண்டுதான் சொன்ன" என்றான் ரிஸ்கி.

"நீ ரோஸ் கலர் வாணாம்னுதான்டா சொன்ன" என்றான் ஜெனோ.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விண்ணப்பத்தைத் திருத்தாவிட்டால் முகாமையாளரிடம் உண்மையைச் சொல்லி மண்டபத்தை நானே ரத்துச் செய்வேன் என்றேன். ஆரணிக்கு முகம் சிவந்தது. திருத்தப் போனால் அவர்கள் அனுமதியே தரமாட்டார்கள், அறுபது பேருக்குச் சொல்லியாயிற்று, ஒரு வருடமாக இதற்காகத்தான் பழகினோம் என்றாள். "விடுங்கோ அம்மா, ஒரு சொல்லுத்தானே" என்றாள். ஒரு சொல்தான். அன்றும் ஒரு சொல்தான் எழுதினேன். ஆனால் அதை அப்போது அவளிடம் சொல்லவில்லை. முடிவு ஏதுமின்றி அனெக்ஸில் அவளுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை 8.15க்கு ஆரணியும் நானும் முச்சக்கரவண்டி பிடித்தோம். வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குத் தொள்ளாயிரத்து இருபது ரூபா. சாரதி எங்கள் முகங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கோவிலுக்கா, ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். ஜம்பெட்டா வீதியில் கோவில் மணியும் மாதா கோவில் பாட்டும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கேட்டன. மண்டபம் உள் ஒழுங்கை ஒன்றில். ரிஸ்கியும் ஜெனோவும் வாசலில் நின்றார்கள். முகாமையாளர் அலங்காரத்தை முடித்திருந்தார். மேடையில் ஆள் உயரத் தாமரை, இரண்டு பக்கமும் மயில், நடுவில் தங்க நிறச் சிம்மாசனம். என்னிடம் மறுபடி வாழ்த்துச் சொன்னார். பிறகு ஆரணியின் அரைமொட்டைத் தலையைப் பார்த்தார். பிறகு என்னை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மேடையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் பொலிஸ் கடிதம் இல்லாமல் ஒலிபெருக்கி போட விடமாட்டேன் என்றார். தாமரையைக் கழற்றவும் முடியாதாம். அது ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துக்கும் வேண்டும்.

9.40க்கு அப்பகுதிப் பொலிஸ் நிலையம். வாங்கு இருந்தது. நான் அதில் இருக்கவில்லை, நின்றேன். அரை மணித்தியாலம் கழித்து ஒரு சார்ஜன்ட் கூப்பிட்டார். என் சிங்களம் கடைக்கு மட்டும்தான் போதும், ஆகவே ரிஸ்கி மொழிபெயர்த்தான். கொடுத்த விண்ணப்பத்தில் காரணம் பிழை, அதைத் திருத்த வந்திருக்கிறேன் என்றேன். அவர் பழைய தாளைத் தேடி எடுத்தார். பிழையா பொய்யா என்று கேட்டார். ரிஸ்கி என்னைப் பார்த்தான்.

"பொய் எண்டு சொல்லு" என்றேன்.

ஆரணி என் கைப்பையின் வாரைப் பிடித்தாள்.

சார்ஜன்ட் பேனாவைக் கீழே வைத்தார். யார் எழுதியது என்று கேட்டார். ஜெனோ வாயைத் திறக்கமுன் ஆரணி தான்தான் என்றாள். அதுவும் பொய்தான், ஆனால் அந்த இடத்தில் திருத்த எனக்கு மனம் வரவில்லை. என்ன பாட்டு, அரசியல் இருக்கிறதா என்று கேட்டார். ஜெனோ தொலைபேசியில் வரிகளைக் காட்ட, ரிஸ்கி ஒவ்வொன்றாகச் சிங்களத்தில் சொன்னான். பல்கனி, ஈரத்துணி, மீன், சுடுதண்ணீர். சார்ஜன்ட் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சுடுதண்ணீர் விதியில் நிறுத்தி, இது யாருடைய வீடு என்று கேட்டார். போர்டிங் என்றான் ரிஸ்கி. அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு புதிய படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளி, பிள்ளைகளை நம்பித் தரமுடியாது, பொறுப்பு நீங்கள் என்றால் மாலை ஐந்தரைவரை தருகிறேன், ஏதாவது நடந்தால் உங்களைத்தான் கூப்பிடுவேன் என்றார்.

நான் கையெழுத்து வைக்க வந்தவள் அல்ல. என் பெயரோடு கிடந்த பொய்யை எடுக்க வந்தவள். மூன்று பிள்ளைகளும் என்னைக் கெஞ்சவில்லை, பார்க்கவுமில்லை. காரணம் என்ற கட்டத்தில் "பங்க் ரொக் இசை நிகழ்ச்சி" என்று எழுதினேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். உறவு: தாய்.

வெளியே வந்ததும் கடிதத்தை விரித்துக் காரணக் கட்டத்தை மறுபடி வாசித்தேன். ஆரணி கண்டுவிட்டாள். கொச்சிக்கடைப் பக்கம் நடந்துகொண்டே வாங்கு பற்றியும் டாக்டர் பற்றியும் சொன்னேன். அவள் பிறந்து இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாதது, பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப ஏன் அம்மா கையெழுத்து வச்சனீங்கள்?"

"எழுதினது உண்மை எண்டபடியால்" என்றேன். "பாட்டு நல்லாயிருக்குமெண்டு இல்லை."

பாட்டு நல்லாயிருக்கவில்லை. நாலரை மணிக்குத் தொடங்கினார்கள். வந்தவர்கள் நாற்பத்தொரு பேர், நான் எண்ணினேன். மயில்களுக்கு நடுவே ரிஸ்கி ட்ரம்ஸை அடித்த அடியில் தாமரையின் ஒரு இதழ் விழுந்தது. முகாமையாளர் ஓடிப்போய் எடுத்துக்கொண்டார். ஆரணி சிம்மாசனத்தில் ஒரு காலை வைத்து விதிகளைக் கத்தினாள், கூட்டம் விதி இலக்கங்களைத் திருப்பிக் கத்தியது. அந்தக் கூட்டத்தில் பாதி வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் இருக்கும் பிள்ளைகள் என்று பிறகுதான் விளங்கியது. எனக்குச் சொற்கள் கேட்கவில்லை, இரைச்சல்தான் கேட்டது. மகள் என்னிடம் ஒருநாளும் போடாத சத்தம் அது. ஐந்து இருபத்தைந்துக்கு நானே போய் இணைப்பைப் பிடுங்கச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளவத்தையிலிருந்து ஏழு மணி பஸ். ஆரணி ஏற்றிவிட வந்தாள். முதல் நாள் கத்தியதில் தொண்டை முழுதாக அடைத்துப் பேச முடியாமல் இருந்தாள். மூன்று வருடத்தில் முதல்தடவையாக நான் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்டாள்: பரீட்சை, தலைமயிர், மற்றவர் பெயரில் படிவம் நிரப்புவது. தலையை ஆட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று தெரியவில்லை.

வவுனியாவில் வீடு அமைதியாக இருந்தது. கொழும்பில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தால் எங்கள் வீதி செவிடாகிப்போன மாதிரி இருக்கும். இந்த முறை என் காதும் அப்படித்தான் இருந்தது. கணவர் எப்படி என்று கேட்டார். அனுமதிக் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். இனி இதை எறியலாமா என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு கோப்பு உண்டு. எந்த நேரமும் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய மாதிரி அலுமாரியின் முன் தட்டில் இருக்கும். ஆரணியின் கோப்பைத் திறந்து, பிறப்புச் சான்றிதழுக்கும் உயர்தரப் பெறுபேற்றுக்கும் பின்னால் அந்தத் தாளை வைத்தேன். அதற்குப் பின்னால், கணக்கியல் பரீட்சைச் சான்றிதழுக்காக ஒரு வெற்று உறையும் வைத்திருக்கிறேன்.