இருபது கேள்வியும் என் மகளும்

கடந்த ஆண்டு தவக்காலத்தின் ஐந்தாம் சனிக்கிழமை, பிற்பகல் நாலு மணி பத்து நிமிடம். வாவிக்கு அப்பால், மேற்கே படுவான்கரைப் பக்கம் மேகம் கறுத்துக் கிடந்தது. ஓர் இலைகூட அசையவில்லை. எங்கள் பங்குத் தந்தையின் குருமனை வாசலில் நானும் என் மகளும் நின்றோம். என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு.

மகளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிறந்ததிலிருந்தே எதையும் விளங்கிக்கொள்வது கடினம். விளங்கியதும் மனதில் நிற்காது. ஒன்பது வயதில், பூசையில் இயேசுவின் உடலாகத் தரும் அப்பத்தை முதன்முதல் வாங்கப் பழக்கும் முதல் நன்மை வகுப்புக்கு அனுப்பினோம். மற்றப் பிள்ளைகள் செபங்களை மளமளவென்று ஒப்புவிக்க, இவள் முதல் வரியிலேயே நின்றாள். வெட்கப்பட்டு நானே வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டேன். அதன்பின் இருபத்தொன்பது வருடம், எல்லோரும் நன்மை வாங்க எழுந்து போகும்போது இவள் மட்டும் மர வாங்கில் உட்கார்ந்திருப்பாள். மனைவி கண்ணை மூடும்போது கேட்டது, இவளுக்கும் நன்மை கிடைக்க வேண்டும் என்ற இந்த ஒன்றைத்தான். எனக்கு எழுபத்தாறு வயது, மருந்து எடுக்கும் நெஞ்சு வருத்தமும் உண்டு. இன்னொரு வருடம் தள்ளிப்போட என்னிடம் வருடம் இருக்கிறதா என்ற பயம் என்னைப் பிடித்து ஆட்டியது.

அதனால் நானே இருபது கேள்வி பதில் எழுதி, நூற்று நாற்பத்திரண்டு நாள் காலையில் சொல்லிக் கொடுத்தேன். கந்தோரில் முப்பத்துமூன்று வருடம் பதிவேடு எழுதியவன் என்பதால் எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: இலக்கம் போட்டு, விரல் மடித்து, வரிசையாக. சரிக்கு ஒரு கோடு, பிழைக்கு ஒரு வட்டம். அவள் எடுத்த ஆகக் கூடிய புள்ளி ஏழு. பாதர் சோதித்துப் பார்க்கும் நாளுக்கு முதல் இரவு எடுத்தது ஐந்து.

பாதர் முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். மகளை எதிரே இருத்தி, "இயேசு யாரு மகள்?" என்று கேட்டார்.

அது என் பட்டியலில் ஆறாவது கேள்வி. மகள் சின்ன விரலை மடித்தாள். "ஒண்டு. என்னைப் படைச்சவர் கடவுள்." அடுத்த விரல். "ரெண்டு..." மூன்றில் நின்றாள். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கினாள். நாலு தரம் இப்படி. நான் மெல்ல எழுந்து, கலண்டர் பார்ப்பதுபோல் பாதரின் கதிரைக்குப் பின்னால் போய் நின்று, சத்தம் வராமல் வாயை அசைத்துப் பதில் சொல்லிக் கொடுத்தேன்.

அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. "ஐயா, சோதினை மகளுக்கா, உங்களுக்கா? உங்களுக்கெண்டா வந்து இரிங்க. திருவருட்சாதனம் ஏழையும் சொல்லுங்க பாப்பம்."

ஞானஸ்நானத்தில் தொடங்கிச் சொன்னேன். ஆறு வந்தது. விரல் விட்டு மறுபடி எண்ணினேன். ஆறுதான்.

"ஐயா பெயில்!" என்றார் பாதர்.

"அப்பா பெயில்! அப்பா பெயில்!" என்று மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஞாபகமும் போகத் தொடங்கிவிட்டதென்றால், இவளை யார் நினைவில் வைத்திருப்பார்கள்? பாதர் இப்போது மேசையில் இருந்த பெயர்க் கொப்பியை மூடி, "அடுத்த வருசம் பாப்பம் ஐயா" என்று சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவரோ மகள் பக்கம் குனிந்தார். "ஞாயிற்றுக்கிழமையில நான் பீடத்தில நிண்டு பாக்கன். அப்பா நன்மை எடுத்தித்து வந்து இருந்தவுடன நீ அவர்ர நெஞ்சில காது வைக்கிற. என்னத்துக்கு?"

மகள் குரலைத் தாழ்த்தினாள். "இயேசு உள்ளுக்க போயித்தாரு. சத்தம் போடக் கூடா."

"அப்ப வீட்டில அப்பா பேக்கரிப் பாண் திண்டாலும் காது வைப்பியா?"

ஒன்றும் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். "அது பாண்தானே, பாதர்!"

பாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம், "உயிர்த்த ஞாயிறு காலைப் பூசையில மகள் நன்மை எடுப்பா" என்றார்.

"அப்ப அந்த இருபது கேள்வி?"

"அத நீங்க படிங்க ஐயா."

வெளியே வரும்போது மழை பிடித்துவிட்டது. ஆட்டோவில் ஏறி இருந்தோம். பூசையில் அவள் என் நெஞ்சில் சாயும்போதெல்லாம், தூங்கி விழுகிறாள், பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று முழங்கையால் தள்ளிவிட்டவன் நான். அப்படித் தள்ளிவிட்ட ஞாயிறுகளை எண்ணத் தொடங்கினேன். நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

எனக்குப் பிறகு அவளுக்கு யார் என்ற பயம் இன்னும் போகவில்லை. இரவில் விழிப்பு வந்தால் முதலில் வருவது அதுதான். ஆனால் அவளுக்கு ஒன்றும் விளங்காது என்று இப்போது நான் எவரிடமும் சொல்வதில்லை. காத்தான்குடியில் எடுத்த வெள்ளைத் துணி, தையல் கூலி, மெழுகுதிரி, ஆட்டோ எல்லாமாக அந்த உயிர்த்த ஞாயிற்றுக்கு எனக்குச் செலவானது ஆறாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய். இருபத்தொன்பது வருடம் ஒரு பிள்ளையை வாங்கில் இருத்தி வைத்ததற்கு அது மிகவும் குறைந்த தொகை.