ரேடியோ அண்ணனின் இருமல்

எங்கள் கடைசல் பட்டறையில் அவருக்கு ரேடியோ என்று பெயர். லேத் சத்தத்துக்கு மேலே பேசுகிறவர் அவர் ஒருத்தர்தான். இருபத்தாறு வருஷம் பக்கத்து மிஷினில் நின்ற எனக்குக் காது மிஞ்சியதே பெரிய விஷயம்.

இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்கப் பால் மாதிரி ஒரு எண்ணெய்த் தண்ணீர் ஊற்றுவோம், கூலன்ட். தொட்டியைக் கழுவித்தான் புதுசு விட வேண்டும். நாங்கள் பழையதின் தலையிலேயே ஊற்றுவோம். நாறினால் கொஞ்சம் பினாயில். சாயங்காலம் காற்றுக் குழாயால் மிஷினை ஊதினால் அந்த ஈரமெல்லாம் பனி மாதிரி கிளம்பி மூக்கில் ஏறும். யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

ரேடியோவுக்கு வாலிபத்தில் டிபி வந்து குணமானது. ஐம்பத்தைந்தில் மறுபடி இருமல். சளியில் கிருமி தெரிந்ததும், பழையதுதான் திரும்பிவிட்டது என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த மாதம்தான் பேத்தி பிறந்தாள். அண்ணி அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்னறை என்று ஒதுக்கிவிட்டார். பேத்தியைத் தூர நின்று பார்ப்பதோடு சரி.

எட்டு மாதமாகியும் கிருமி போகவில்லை. நர்ஸம்மா எரிந்து விழுந்தார். "மாத்திரையை முழுங்குறீங்களா, எலிக்கு வைக்கிறீங்களா?"

"எலிக்கு வெச்சிருந்தா அதாவது தேறியிருக்கும்மா" என்றார் ரேடியோ.

அண்ணிக்கும் சந்தேகம். தினமும் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்த்தார்.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் சளியில் இருந்த கிருமியை வளர்த்து, என்ன வகை என்று பார்த்தார்கள். கூட நானும் போயிருந்தேன்.

"இது டிபி இல்ல, அதோட பங்காளி" என்றார் டாக்டர். "தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கிறது. பழைய வடு இருக்கிற நுரையீரல்ல சுலபமா குடியேறிடும். இதுவரைக்கும் சாப்பிட்ட மருந்துக்கு அடங்காது. வேற மருந்து, ஒன்றரை வருஷமாவது ஆகும்."

"எங்க மிஷின் தண்ணியா சார்?" என்றேன்.

"இருக்கலாம். வீட்டுக் குழாயாவும் இருக்கலாம். சோதிக்காம சொல்ல முடியாது."

"இன்னும் எத்தனை பேருக்கு இருக்கும்?"

"யாருக்குத் தெரியும்? எல்லாரையும் டிபின்னு எழுதி அனுப்பிட்டா இது எந்தக் கணக்குல வரும்?"

ரேடியோ ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பேத்தியத் தூக்கலாமா?"

"தாராளமா. இது மனுஷனுக்கு மனுஷன் தொத்துறதில்ல."

வீட்டில் நான்தான் சொன்னேன். அண்ணி நம்பவில்லை. "அன்னிக்குத் தொத்தும்னு சொன்னதும் டாக்டர்தானே தம்பி?"

ரேடியோவின் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துக் காட்டினேன்.

"நீங்க குடிப்பீங்க சித்தப்பா" என்றாள் அவர் மகள். "இவ பச்சப்புள்ள."

நேற்றுப் போயிருந்தேன். பேத்தி இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். அண்ணி அடுப்படியில். குழந்தை நேராகப் பின்னறைக்குப் போனாள். ரேடியோ கையை நீட்டினார். அவள் கிட்டே வந்ததும் கையை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

"அண்ணே, டாக்டர்தான் சொன்னாரே!"

"அவரும் தப்பா சொல்லியிருந்தா?" என்றார் உள்ளே இருந்து. அடுத்த வார்த்தை வருவதற்குள் இருமல் வந்துவிட்டது.

குழந்தை கதவைத் தட்டித் தட்டி அழுதது. நான் தூக்கிக்கொண்டு போய் அண்ணியிடம் கொடுத்தேன்.