சாமி வந்த தெருவும் மறுநாள் தண்ணீரும்

நேற்று என் மகள் பூங்கொடி கல்லூரியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த முறத்தின் மேலேயே விரித்தாள். சுற்றுச்சூழல் அறிவியல், கடைசி ஆண்டு. எந்தப் பாடம் எடுப்பது, கள ஆய்வுக்கு எந்த இடம் என்று அவளே திட்டம் போட்டுத் தரவேண்டுமாம். எட்டாவதோடு நின்ற நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். பாடம், கழிவுநீர். இடம், என் அப்பாவின் சாயப்பட்டறை இருந்த தெரு.

அவ்வளவுதான், மூக்கில் அந்த வாடை ஏறிவிட்டது. பட்டு அவிக்கிற சோப்புத் தண்ணீர், கொதிக்கிற சாயம், ஈர விறகுப் புகை. நூல் பிழிந்துவிட்டு அப்படியே பள்ளிக்கூடம் போவேன். என் சிவந்த கையைப் பார்த்து, "இன்னாடி, யாரைக் கொன்னுட்டு வர்ற?" என்பாள் பக்கத்துப் பெஞ்சுக்காரி. "அடுத்தது நீதான்" என்பேன். வாய் எனக்கு அப்போதே நீளம்.

பங்குனித் திருவிழாவில் சாமி எங்கள் தெரு வழியாக வரும். அன்றைக்கு அப்பா ஒரு சொட்டுச் சாயத் தண்ணீரைக் கால்வாயில் விடமாட்டார். "சாமி வர்ற தெருவுல இது ஓடக்கூடாதுமா" என்று தொட்டி தொட்டியாகத் தேக்கிவைப்பார். மறுநாள் விடிந்ததும் மொத்தத்தையும் ஒரேயடியாகத் திறந்துவிடுவார். சிவப்பும் பச்சையும் புரண்டு ஓடும். நானும் கைதட்டிக்கொண்டு கூடவே ஓடுவேன். அது எங்கே போகிறது என்று யார் கேட்டோம்?

விஷயம் கேள்விப்பட்டு என் தம்பி வந்துவிட்டான்.

"ஏன்க்கா, பட்டறையே மூடியாச்சு. செத்துப்போன அப்பா மானத்த உம்பொண்ணு காலேஜுல போய் வாங்கணுமா? வேற எடம் போடச் சொல்லு."

பூங்கொடி பேனாவை மூடினாள். "உடும்மா, மாத்திக்கிறேன்" என்றாள். அந்தச் சுருங்கிப்போன குரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

"சாமி கண்ணுல படக்கூடாதுன்னு மறைச்சாரேடா, அப்ப அது தப்புன்னு அவருக்கே தெரிஞ்சுதானே இருந்துது? அப்பா நல்லவரு, அதையும் எழுதட்டும். இதையும் எழுதட்டும். நீ காபியக் குடி."

அவன் குடிக்காமலே போனான். போகட்டும். தினமும் விளக்கேற்றுகிறவள் நான். உண்மையை மூடிவைத்துக்கொண்டு ஏகாம்பரநாதர் முன்னால் எப்படி நிற்பேன்?

பட்டு நூலை அலச, எங்கள் தெருக் கால்வாய் போய்ச் சேரும் வேகவதி ஆற்றுக்கு அம்மாவோடு போன நாள்கள் உண்டு. முழங்கால் தண்ணீரில் நின்றால் குட்டி மீன்கள் காலைக் கொத்தும், கூசும். இன்று மீனும் இல்லை, நிற்கத் தண்ணீரும் இல்லை. அந்த ஆற்றைத் தொலைத்ததில் எங்கள் வீட்டுக்கும் பங்கு உண்டு என்றுதான், தாளின் அடியில் பெற்றோர் கையெழுத்தை அழுத்திப் போட்டேன்.