பொருள் என்று ஒரு கட்டம்

அந்தப் பெட்டியை நீங்கள் திறக்கவே இல்லை. திறக்காமலே மதிப்பெண் போட்டு, திறந்து பார்த்த மாதிரி ஒரு வரியும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

இதைச் சொல்வது இந்த ஊரில் உள்ள ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் சேர்க்கைக் குழுத் தலைவருக்கு. பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். மற்றதெல்லாம் இதைப் படிக்கிற உங்களுக்குத்தான், கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். நயமாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அது வந்திருந்தால் இன்றைக்கும் அந்தக் கல்லூரியிலேயே பாடம் எடுத்துக்கொண்டிருப்பேன். நாகல் நகரில் கல்யாணப் போட்டோவுக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

போன வாரம் பர்வீன் கடைக்கு வந்தாள். பக்கத்துத் தெருப் பெண். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அந்தக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கே சேர வேண்டுமானால், செய்த வேலைகளைப் போட்டோ எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும். அசலைப் பெட்டியில் போட்டு நேரில் கொடுக்கவும் வேண்டும். பெட்டியை என் கடையில் வைத்துத்தான் கட்டினோம். டேப் ஒட்டியது நான். இப்போது இடமில்லை என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, இங்க பாருங்க. நீங்க ஒட்டுன டேப்பு."

பார்த்தேன். யாரும் வெட்டவில்லை. நகம்கூடப் படவில்லை. ஓரத்தில் நான் கோணலாக மடித்துவிட்ட நுனி அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது. எதையும் நேராக ஒட்ட வராது எனக்கு. ஒரு தடவையாவது அது உதவியது.

பிளேடை எடுத்து நானே கீறினேன். தோல் வாசம் குப்பென்று வந்தது. பர்வீனின் அத்தா ஒரு தோல் மண்டியில் வேலை பார்க்கிறார். அங்கே கழித்துப் போட்ட துண்டுகளில்தான் அவள் வேலை செய்திருந்தாள். தோலும் பசையும் கலந்த அந்த வாசம் என்னை நேராக வெங்காய குடோன் மாடியில் கொண்டுபோய் நிறுத்தியது.

வெங்காயம் எங்கிருந்து வந்தது என்பீர்கள். கல்லூரி இப்போது தாடிக்கொம்பு ரோட்டில் கண்ணாடி பதித்த கட்டடத்தில் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அது ஒரு வெங்காய குடோனின் மேல்மாடி. சேர்க்கை நாளன்று ஜமக்காளம் விரித்து, பிள்ளைகள் கொண்டுவந்த பெட்டி, பை, சுருட்டிய சார்ட் எல்லாவற்றையும் தரையில் பரப்புவோம். செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் நடக்க வேண்டும். குனிந்து பார்க்க வேண்டும், எடுத்துத் தடவ வேண்டும், தையலை இழுத்துப் பார்க்க வேண்டும். துறைத் தலைவர் ஸ்டீபன் சார் முகர்ந்தும் பார்ப்பார். கீழிருந்து வெங்காய நெடி ஏறி எங்கள் எல்லோருக்கும் கண்ணில் நீர் கொட்டும். ஒருமுறை வெளியே காத்திருந்த அப்பா ஒருவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு மகனிடம், "ஏலே, ஒம் படத்தப் பாத்து டீச்சரம்மாவே அழுதுட்டாக" என்றார். படம் ரொம்பச் சுமார். பையனுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த மனிதர் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பார்.

பெட்டியைத் திறந்தவர், கீறிய டேப்பின் மேலேயே கையெழுத்துப் போட வேண்டும். அது ஸ்டீபன் சார் கொண்டுவந்த வழக்கம். "தொறந்தவன் பேரு கெடக்கட்டும். நாளைக்கு ஒரு பிள்ள வந்து ஏன்னு கேட்டா, பதில் சொல்ல ஆளு வேணும்ல" என்பார். என் கையெழுத்தைப் பார்த்து மகாலிங்கம் கேலி செய்வார். அவர் என்னோடு வேலை பார்த்தவர், கீரனூர்க்காரர். "ஏனுங்க டீச்சர், இது கையெழுத்துங்களா, பிளேடு வழுக்கிருச்சுங்களா?"

மதிப்பெண் தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன: திறன், பொருள், யோசனை. ஒழுங்காகத்தான் போட்டு வந்தோம், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு சேர்க்கை நாளில் சகாயமேரி என்ற பெண் சிமெண்டுச் சாக்கில் ஒரு பை தைத்துக் கொண்டுவந்திருந்தாள். பொருள் கட்டத்தில் ஸ்டீபன் சார் பத்துக்குப் பத்து போட்டார். மகாலிங்கம் முட்டை போட்டார்.

"ஏனுங்க சார், இதுல பொருளே இல்லீங்களே."

"என்னய்யா சொல்றீரு? கையில இம்புட்டுப் பொருள வச்சுக்கிட்டு நிக்கிறேன், தெரியலையா?"

"சாக்கு தெரியுதுங்க. அது என்ன சொல்ல வருதுன்னு கேக்கறனுங்க."

"சாக்கு எதுக்குய்யா பேசணும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் விளங்கியது. ஸ்டீபன் சாருக்குப் பொருள் என்றால் எதனால் செய்தது என்பது. மகாலிங்கத்துக்குப் பொருள் என்றால் அர்த்தம். அத்தனை காலமும் ஆளுக்கொரு பொருளுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள்.

ஸ்டீபன் சார் என் பக்கம் திரும்பினார். "நீ எதன்னு நெனச்சும்மா போட்ட?"

"படத்துல எத்தன பொருள் வரஞ்சிருக்காகன்னு எண்ணிப் போட்டேன் சார். குடம், ஆப்பிள், துணி."

மகாலிங்கம் ஜமக்காளத்திலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது.

பிறகு சகாயமேரியை உள்ளே கூப்பிட்டுக் கேட்டோம். மழை பெய்தால் வீடு ஒழுகுமாம். புத்தகத்தை இந்தப் பையில் போட்டு, வாயை மடித்து, ஆணியில் மாட்டிவிடுவாளாம். சாக்குக்குள் இருக்கும் வழவழப்பான பிளாஸ்டிக் தாளை அதற்காகவே வெளிப்பக்கமாகத் திருப்பித் தைத்திருந்தாள். மகாலிங்கம் மதிப்பெண் தாளை எடுத்தார். போட்ட முட்டையை அடிக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு ஒன்றைப் போட்டார்.

கட்டத்தின் பெயரை மாற்றிவிடலாம் என்றேன் நான். ஸ்டீபன் சார் கேட்கவில்லை. "கெடக்கட்டும்மா. சண்ட போட்டாத்தான் ரெண்டு தடவ பாப்போம்." அன்றிலிருந்து அந்தக் கட்டத்தை யாரும் தனியாக நிரப்பியதில்லை. பெட்டியைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்து, எந்தப் பொருள் என்று கத்துவோம். குடோன் ஆட்கள் என்ன தகராறு என்று மேலே ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

பர்வீன் பெட்டிக்கு வருகிறேன். உள்ளே இருந்தது ஒரு ஜோடிச் செருப்பு. வலது சிறியது, இடது பெரியது. அவள் அம்மாவுக்கு ஒரு கால் வீங்கிய கால். கடையில் ஜோடி என்றால் இரண்டும் ஒரே அளவுதான். பெரிய காலுக்கு வாங்கினால் சின்னக் காலில் நிற்காது. இத்தனை வருடமும் ஒரு செருப்பில் துணியைத் திணித்துக்கொண்டு நடந்திருக்கிறார். மகள் இரண்டு காலையும் தனித்தனியாக அளந்து, மெத்தென்ற துண்டுகளைப் பொறுக்கி, வார் அழுத்தாத இடமாகப் பார்த்துத் தைத்திருக்கிறாள். செருப்புக்கு அடியில் அம்மாவின் இரண்டு கால்களின் படம் இருந்தது. அதற்கும் அடியில் தைத்துப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிய வார்கள். போட்டோவில் இது எதுவும் தெரியாது. அளவு மாறிப்போன இரண்டு செருப்புதான் தெரியும்.

கல்லூரியிலிருந்து வந்த குறிப்பு அவள் போனில் இருந்தது. திறன்: ஜோடி அளவு சேரவில்லை. பொருள்: சாதாரணம்.

"ஜோடி சேரலையாம்க்கா" என்றாள். சிரிக்கத்தான் செய்தாள். "விடுங்க. அம்மாவுக்குச் செருப்பாச்சும் திரும்பக் கெடச்சிச்சு."

அவள் அத்தா வேறு கல்லூரியில் பி.காம். சேரச் சொல்கிறார். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கள் பாய் என்று கேட்டிருக்கிறேன்.

அன்று மகாலிங்கத்துக்குப் போன் செய்தேன். இப்போது ஊரில் முருங்கை போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பொட்டியத் தொறக்காம எப்படிங்க பொருளப் பாத்தாங்க? ரெண்டு பொருளும் உள்ளதானுங்களே இருக்குது" என்றார். சாரை நினைத்துக்கொண்டோம். அவரை அடக்கம் செய்த அன்றுதான் நாங்கள் இருவரும் கடைசியாகச் சந்தித்தது.

குடோனை இடித்து அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. ஜமக்காளங்கள் எங்கே போயினவோ. அதெல்லாம் போகட்டும். கட்டம் மட்டும் போகவில்லை. இணையத்திலும் அதே பெயரில் இருக்கிறது: பொருள். அதைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட ஆள்தான் இல்லை. ஒருவர் போனில் பார்த்து, ஒரு சொல் எழுதி, அடுத்த பெயருக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்.

ஐயா, பெட்டி என் கடை மேசையில் இருக்கிறது. கீறிய டேப்பில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், முதலில் திறந்தது யார் என்று எல்லோருக்கும் தெரியட்டும். திங்கட்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு வருகிறேன். பர்வீனும் வருவாள். அவள் அம்மா அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்து வருவார். அறைக்குள் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். சேர்க்கைக்கு வந்திருக்கும் பிள்ளைகளும் பெற்றவர்களும் கேட்க, வாசலில் நின்று சொல்லுங்கள்.

சாதாரணம் என்று எழுதினீர்களே, எந்தப் பொருள்?