புள்ளி வைத்த ‘ச’

நான் எழுதிய முதல் பெரிய பாட்டு எட்டுக் குரல்களுக்கானது. ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலின் மாதா திருவிழாவுக்காக எழுதினேன். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு வயது இருபத்திரண்டு. பெரம்பலூரில் ஒரு பள்ளியில் தற்காலிகப் பாட்டு வாத்தியார். அந்தப் பாட்டு கீர்த்தனை அல்ல; கோயில்களில் அப்போது பாடிவந்த வகையும் அல்ல. திருச்சியில் இரண்டு வருஷம் பாடகர் குழுவில் நின்று கற்றதையும், எனக்குத் தெரிந்த ராகங்களையும் சேர்த்து நானே உண்டாக்கிக்கொண்ட முறை. அது நன்றாக இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பங்குச் சாமியாருக்கு இருந்தது. திருவிழாவில் பாட்டு எடுபட்டால் சுற்றுப் பங்குக் கோயில்களுக்கெல்லாம் பாட்டமைக்கும் வேலை எனக்கு என்று சொல்லியிருந்தார். எடுபடாவிட்டால் அரியலூர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ். அப்பா யாரையோ பிடித்து அந்த வேலைக்கு ஆர்டரே வாங்கிவிட்டார். திருவிழா முடிந்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

எட்டுப் பிரதிகளை என் கையாலேயே எழுதித் தபாலில் அனுப்பினேன். எனக்கு லீவு கிடைக்காததால் ஊர்ப்பள்ளித் தமிழ் வாத்தியார் ஒத்திகை நடத்தினார். ஆர்மோனியம் வாசிப்பார், எல்லாம் கேள்வி ஞானம். எழுதிய ஸ்வரத்தை அதற்குமுன் கண்டதில்லை. அவரோடு பாடிய மற்ற ஏழு பேரும் முந்திரிக்காட்டுக்காரர்கள். பத்து நாள் விடாமல் பாடியிருக்கிறார்கள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் புறப்பட்டேன். பெட்ரோல் கிடைக்காமல் கரி எரித்து ஓட்டிய பஸ், அரியலூர் வரவே மத்தியானம் ஆகிவிட்டது. கோயிலுக்குள் நுழைந்தபோது மணி நாலு. எட்டுப் பேரும் வரிசையாக நின்றார்கள். சாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் மூன்று வரிகள் எழுதியபடியே வந்தன. நாலாவது வரி மேலே ஏறி, மேல் ஸ்தாயி ‘ச’வில் நான்கு எண்ணிக்கை நிற்க வேண்டும். ப, த, நி என்று ஏறினார்கள். நிற்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேரும் கீழ் ‘ச’வுக்குத் தொப்பென்று விழுந்து, அதையும் பாதியில் விழுங்கிவிட்டு, வாயை மூடிக்கொண்டார்கள். வாத்தியாரின் விரல் மட்டும் ஆர்மோனியப் பெட்டியின் மேல் மூன்று தட்டுத் தட்டியது. பிறகு அடுத்த வரியை எடுத்தார்கள்.

சாமியார் என்னைப் பார்த்தார்.

“என்னங்கய்யா இது?” என்று வாத்தியாரிடம் கேட்டேன்.

“நீ எழுதுனதுதான் தம்பி.” பிரதியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “இந்தா, ‘ச’ மேல புள்ளி. புள்ளி வச்சா என்ன எழுத்து?”

“மெய்யெழுத்து.”

“அதுக்கு எத்தன மாத்திர?”

“அரை.”

“அப்பறம் மூணு காற்புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாத்திர நிறுத்தணும். நிறுத்துனோம்.”

பாடியவர்களில் மூத்தவர் குறுக்கிட்டார். “மொத நாளு ‘ச்... ச்...’சுன்னுதான் பாடுனோம். கோழி வெரட்டுறீங்களான்னு எங்க வூட்டுல சிரிச்சா. அதுக்கப்பறந்தான் பாட்டு வார்த்தையப் போட்டு, அந்த எடத்துல பாதியில வெட்டுனோம்.”

ஸ்வரத்தின் தலையில் வைக்கும் புள்ளி மேல் ஸ்தாயிக்கு அடையாளம். காற்புள்ளி, அதே ஸ்வரத்தை இன்னும் ஓர் எண்ணிக்கை நீட்டு என்பதற்கு. இதை ஒரு வரியில் எழுதி அனுப்ப எனக்குத் தோன்றவில்லை. மற்ற இடங்களில் ‘சா’, ‘ரீ’ என்று நெடில் போட்டிருந்தேன். நெடிலுக்கு இரண்டு என்பதில் இலக்கணமும் சங்கீதமும் ஒன்று, அங்கெல்லாம் பிசகவில்லை. வாத்தியார் தமிழைத் தமிழாகப் படித்திருந்தார். தவறு என்னுடையது.

இதைச் சொன்னதும் வாத்தியார் முகம் சிறுத்துவிட்டது. “மேலன்னா மேலன்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதான?”

மாற்றிப் பாடச் சொன்னேன். மூன்று முறை பாடினார்கள். ஒவ்வொரு முறையும் பாதிப் பேர் ஏறினார்கள். பாதிப் பேர் பழக்கத்தில் விழுந்தார்கள். யார் ஏறுவார், யார் விழுவார் என்பதுதான் தெரியவில்லை.

“பழைய பாட்டையே பாடிடலாமா?” என்றார் சாமியார். கோபமில்லாமல்தான் கேட்டார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது.

ஆனால் மூன்றாம் முறை என் காதில் ஒன்று விழுந்திருந்தது. பாதிக் குரல்கள் அறுந்துவிழுந்த அந்த நொடியில், மேலே ஏறியவை தனியாக நின்றன. எட்டும் சேர்ந்து நின்றிருந்தால் அந்த உயரம் அவ்வளவு தெரிந்திருக்காது. நான் எழுதியதைவிட இது நன்றாக இருந்தது.

“பத்து நிமிஷம் குடுங்க சாமி” என்றேன். வாத்தியாரையும் கனத்த குரல்காரர் மூவரையும் இடப்பக்கம் நிறுத்தினேன். “நீங்க நாலு பேரும் பத்து நாளாப் பாடுனபடியே பாடுங்க. ஒண்ணையும் மாத்தாதீங்க. மத்த நாலு பேரு மட்டும் மேல போய் நில்லுங்க.”

“அப்ப என் இலக்கணம் சரிங்கிற?” என்றார் வாத்தியார்.

“நாலு பேருக்குச் சரிங்கய்யா.”

மூத்தவர் சிரித்ததில் மறுபடி தொடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மறுநாள் தேர் புறப்படும்முன் கோயிலுக்குள் பாடினார்கள். முதல் சரணத்தில் குரல் அறுந்தபோது, பாடகர்கள் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவதில் யாரும் திரும்பவில்லை. மூன்றாவதில் முன்வரிசைப் பெண்கள் சிலர், குரல் அங்கிருந்து வருவதுபோல அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். குழந்தைகள்கூடச் சத்தம் போடவில்லை.

தேர் நிலைக்கு வந்தபின் சாமியார் கூப்பிட்டார். “அந்த வெட்டு இருக்கட்டும். கிறிஸ்மசுக்குள்ள இன்னும் ரெண்டு எழுதிடு. பக்கத்துப் பங்குக்கும் சொல்லிட்டேன்” என்றார்.

அப்பா கோயில் வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“எழுத்துல குடுத்தாரா?”

“வாயாலதான் சொன்னாரு.”

“ஸ்டேஷன் ஆர்டர் எழுத்துல இருக்குடா.”

“அவங்களுக்கு நான் எழுத்துலயே பதில் போட்டுடறேன்.”

மறுநாள் காலை நான்கு வரியில், வரவில்லை என்று எழுதினேன். அப்பா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். சட்டையை மாட்டிக்கொண்டு, கடிதத்தைத் தபாலில் சேர்க்க அவரே எடுத்துக்கொண்டு போனார்.